4294967297 முதன்மை எண்ணா? கையால் சோதிக்க வழி உண்டா?

கேள்வி (மஸ்கெலியா)
அனைவருக்கும் வணக்கம். 2 இன் 32 ஆம் வலுவுடன் 1 ஐக் கூட்டினால் வரும் 4294967297 முதன்மை எண்ணா என்று, தரம் 11 இல் படிக்கும் என் தங்கையிடம் ஆசிரியர் கேட்டிருக்கிறார். இரண்டு இரவுகளாக சீ.ஆர். கொப்பியில் பென்சிலால் வகுத்து வகுத்து 211 வரை வந்துவிட்டாள்; எதனால் வகுத்தாலும் மீதி வருகிறது. அம்மா கொழுந்துக் கணக்குப் பார்க்கும் கல்குலேட்டரில் எட்டு இலக்கங்களே பதியும், இந்த எண்ணுக்கோ பத்து இலக்கங்கள். வர்க்கமூலமான 65536 வரை உள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துத்தான் ஆகவேண்டுமா?

பதில் (ஹட்டன்)
வேண்டாம் தம்பி, அந்த எல்லைக்குள் 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. இதே வகையில், அதாவது 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களுடன் 1 ஐக் கூட்டினால், முன்னே வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்களாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா, இவ்வரிசை முழுவதுமே அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். 1732 இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் அதைத் தகர்த்தார்: 4294967297 = 641 × 6700417. தங்கை மனம் தளராமல் இன்னும் 69 முதன்மை எண்களைச் சோதித்திருந்தால் அவளே 641 ஐ எட்டியிருப்பாள். அவள் போன வழி சரியானதே.

அம்மாவின் கல்குலேட்டரும் போதும். 2 இன் 16 ஆம் வலுவாகிய 65536 ஐ 641 ஆல் வகுத்தால் மீதி 154. அதை வர்க்கித்து 1 ஐக் கூட்டினால் 23717. அது சரியாக 641 × 37. 65536 இன் வர்க்கம்தான் 2 இன் 32 ஆம் வலு; 641 ஆல் வகுக்கும்போது 65536 இன் வர்க்கமும் 154 இன் வர்க்கமும் ஒரே மீதியையே தரும் என்பதால், பத்து இலக்க எண்ணைத் தொடாமலே விடை கிடைத்துவிடுகிறது.

பதில் (பண்டாரவளை)
641 ஐ எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதுவானாலும், அதிலிருந்து 1 ஐக் கழித்தால் 64 ஆல் வகுபட வேண்டும் என்று ஒயிலர் நிறுவினார்; பிற்காலத்தில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் அதை 128 ஆக இறுக்கினார். ஆகவே 129, 257, 385, 513, 641 என்று போனால் போதும். இவற்றில் முதன்மை எண்கள் 257 உம் 641 உம் மட்டுமே, அதாவது இரண்டாவது வகுத்தலிலேயே காரணி அகப்படுகிறது.

6700417 ஐயும் தங்கை இதே விதியால் சோதிக்கலாம். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2588. அதற்குள் இவ்விதிக்கு அமையும் முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்தே. ஐந்திலும் மீதி வந்தால் அது முதன்மை எண்.

கேட்டவர் (மஸ்கெலியா)
இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. 257 ஆல் வகுத்தபோது மீதி 170, 641 ஆல் வகுத்தபோது 44. ஏனைய மூன்றையும் கல்குலேட்டர் இல்லாமலே செய்வேன் என்று கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாள்.