ஒட்டாவாவா, காட்டினோவா? ஆற்றின் எந்தக் கரையில் வீடு பார்ப்பது

தம்பி, வேலை கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் உறுதியாகிவிட்டது, குடும்பத்தை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் மைத்துனர் அங்கே வரச் சொல்கிறார். அலுவலகத்தில் இருப்பவர்களோ, பாலத்தைத் தாண்டிக் காட்டினோவுக்குப் போனால் வாடகை குறையும் என்கிறார்கள். உங்கள் மனைவி கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்கு வந்து இதையேதான் கேட்டார். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து கிளம்பும் மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

ஸ்கார்பரோ பேச்சை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்க் கடை, தமிழ் மருத்துவர், கோயில், நடன வகுப்பு எல்லாம் அங்கே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒட்டாவாவிலிருந்து அது சுமார் 450 கிலோமீட்டர். மைத்துனர் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய்வாருங்கள்.

மீதி இருப்பது ஒட்டாவாவும் காட்டினோவும். நடுவே ஒட்டாவா ஆறு, அதன் மேல் ஐந்து பாலங்கள். பாலத்தில் சோதனைச் சாவடி கிடையாது. வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள். அதனால் இரண்டும் ஒரே ஊரின் இரண்டு பேட்டைகள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலூகாவில் பிறந்தவர் நீங்களுமா அப்படி நினைப்பது? தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில் இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். ஆனால் ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பள்ளிப் பாடத்திட்டம் எல்லாம் கோட்டின் எந்தப் பக்கம் வாசல் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. இந்தக் கேரளப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியிலேயே படித்த பிள்ளைக்கு அது கிடையாது. ஒட்டாவா ஒன்டாரியோ மாநிலம், காட்டினோ கியூபெக் மாநிலம். அங்கேயும் கதை இதுதான், இன்னும் கறாராக.

உங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வாடகை அல்ல, மூத்தவளின் வயது. அவளுக்கு இந்த ஆண்டு 14 முடிகிறது என்று உங்கள் மனைவி சொன்னார். ஒன்டாரியோவில் பிறந்த ஆண்டைப் பார்த்துத்தான் வகுப்பில் சேர்ப்பார்கள். அந்தக் கணக்கில் அவள் செப்டம்பரில் 9ஆம் வகுப்பு. உயர்நிலைப் பள்ளி அங்கே தொடங்குவதே 9இல்தான். பள்ளிப் படிப்பை முடித்த பட்டயம் பெற 30 கிரெடிட்டும் (தேறிய பாடங்களின் கணக்கு) 40 மணி நேரச் சமூகப் பணியும் வேண்டும், எண்ணிக்கை அந்த ஆண்டிலிருந்து ஆரம்பம். இதைவிட நல்ல நேரம் அமையாது. 11ஆம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கப்படும் பிள்ளைகள் படும் பாட்டை நான் அங்கே இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவள், ஆங்கிலம் தடுமாறுமே என்று பயப்பட வேண்டாம். மொழித்திறனைச் சோதித்து, புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பில் போடுவார்கள்; அதுவும் கிரெடிட்டில் சேரும்.

காட்டினோவில் வீடு எடுத்தால் என்ன ஆகும்? கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977இல் வந்தது. குடியேறிகளின் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலும், அரசு மானியம் பெறும் தனியார் பள்ளியிலும் உயர்நிலை முடியும் வரை பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே நுழையும் உரிமை, பெரும்பாலும், கனடாவில் ஆங்கிலவழியில் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு. நம் தாலூகாவில் மாநில மொழி மலையாளமாக இருந்தும் மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் தமிழ்வழிப் பள்ளி நமக்குக் கிடைக்கிறது. அந்தப் பழக்கத்தில், அங்கேயும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போய் நிற்காதீர்கள். தற்காலிக வேலை அனுமதியில் வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது மூன்று ஆண்டுகளோடு சரி, நீட்டிப்பு இல்லை. ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாத 14 வயதுப் பெண்ணை வேதியியலும் கணிதமும் பிரெஞ்சில் எழுத வைப்பதா? என் மகளாக இருந்தால் விட மாட்டேன்.

சின்னவனை மட்டும் வைத்துக் கேட்டிருந்தால் நானே காட்டினோவுக்குப் போங்கள் என்றிருப்பேன். நாலு வயதுப் பிள்ளைக்கு எந்த மொழியும் சில மாதங்களில் வந்துவிடும். நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாகத்தானே வளர்கிறார்கள்? கியூபெக்கில் மானியத்தில் நடக்கும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் 1997இலேயே வந்துவிட்டது, நாளுக்குப் பத்து டாலருக்கும் குறைவு. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்பது வேறு. ஆனால் உங்களுக்கு அந்தச் செலவே வராது. ஒன்டாரியோவில் நாலு வயது ஆகும் ஆண்டிலேயே அரசுப் பள்ளியில் முழுநாள் மழலையர் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள், கட்டணம் இல்லை. பிரெஞ்சு வேண்டுமென்றால் அங்கேயே பாதி நாள் பிரெஞ்சில் நடக்கும் வகுப்புகளும் உண்டு.

வாடகை மிச்சமாகுமே என்பீர்கள். வருமான வரி, டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேலை ஒட்டாவாவில் என்பதால் நிறுவனம் ஒன்டாரியோ விகிதத்தில் பிடிக்கும். வீடு கியூபெக்கில் என்றால் கியூபெக்குக்குத் தனியாக ஒரு வரிப் படிவம் தர வேண்டும். அங்கே வரி அதிகம், எனவே ஏப்ரலில் கையிலிருந்து பெரிய தொகை போகும். வாடகையில் மிஞ்சியதை இதில் கழித்துப் பாருங்கள். உங்கள் அலுவலக நண்பர்கள் இந்தக் கழித்தலைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மருத்துவத்திலும் இதே எல்லைதான். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்டாரியோ 2020இல் எடுத்துவிட்டது. கியூபெக்கில் புதியவர்களுக்கு மூன்று மாதம் வரை காத்திருப்பு இன்னும் இருக்கிறது, குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் விலக்கு உண்டு. காப்பீட்டு அட்டை வந்த பிறகும், கியூபெக் அட்டையோடு ஒட்டாவா மருத்துவரிடம் போனால் கையில் பணம் கட்டிவிட்டுப் பிறகு கியூபெக்கிடம் கேட்டு வாங்க நேரும். முழுத் தொகையும் திரும்புமென்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிரந்தர வசிப்புரிமைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி (மத்திய அரசு புள்ளிக் கணக்கில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வழியில் விண்ணப்பிக்கப் போவதாக உங்கள் மனைவி சொன்னார். அந்த வழி, கியூபெக்குக்கு வெளியே வாழ எண்ணுகிறவர்களுக்கானது. கியூபெக் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது, அதில் பிரெஞ்சுக்கு முதலிடம். காட்டினோ முகவரியை வைத்துக்கொண்டு, ஒன்டாரியோவில்தான் வாழப்போகிறேன் என்று எழுதிக் கொடுப்பது வீண் வம்பு.

ஆக ஒட்டாவா. ஒட்டாவாவில் எந்தப் பகுதி என்பதற்கு அவ்வளவு மண்டையைக் குழப்ப வேண்டாம். கணினி நிறுவனங்கள் கனாட்டா பக்கம், புதிய தனி வீடுகள் பார்ஹேவன் பக்கம், பிரெஞ்சு அதிகம் காதில் விழுவது ஓர்லியன்ஸ் பக்கம். உங்கள் அலுவலகத்துக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். மைனஸ் 20இல் இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்து நிற்பது தண்டனை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று பள்ளி வாரியத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். வீட்டுக்கு எதிரே பள்ளி இருப்பதால் மட்டும் அது உங்கள் பிள்ளைக்கான பள்ளி ஆகிவிடாது.

வாடகை விஷயத்தில் இரண்டு விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும், அதிகபட்சம் ஒரு மாதத்துக்கானது. கடன் வரலாறு இல்லையே என்று ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. வேலைக் கடிதத்தைக் காட்டிப் பேசுங்கள், மசியாவிட்டால் வேறு வீடு பாருங்கள். இரண்டாவது, 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடிவந்த கட்டடங்களுக்கு ஆண்டு வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. பளபளப்பான புது அடுக்குமாடி வீட்டில் முதலாண்டு வாடகையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், இரண்டாம் ஆண்டு எவ்வளவு ஏற்றினாலும் கேட்க முடியாது. கொஞ்சம் பழைய வீடே நல்லது.

உங்கள் அம்மாவை அங்கே வரவழைப்பது பற்றி. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம், ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஆனால் அது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான். இப்போதைக்குச் சாதாரணப் பார்வையாளர் விசாதான் வழி. மே மாதம் வரவழைத்து அக்டோபரில் அனுப்பிவிடுங்கள். பேசத் துணையில்லாமல் ஜனவரியில் நாலு சுவருக்குள் உட்கார வைத்தால், பிப்ரவரியில் ஒழலப்பதிக்குத் திரும்ப வேண்டும் என்று அழ ஆரம்பித்துவிடுவார்.

கடைசியாக, உங்கள் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி: கிரைண்டரைக் கொண்டுபோகலாமா? வீட்டில் இருப்பதைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் இயந்திரம் அதில் ஓடாது. கோயம்புத்தூரில் 110 வோல்ட் மாடல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். குக்கருக்கு அந்தக் கவலை இல்லை, வளையம் மட்டும் நாலைந்து அதிகமாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.