அப்பாவுக்குப் பொட்டாசியம் 5.9, எந்த மருந்து ஒத்துக்கொள்ளும்?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. போன வாரம் ரத்தத்தில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. 5-க்குள் இருக்க வேண்டியது. இசிஜி சரியாக இருந்ததால் அட்மிட் செய்யவில்லை. பிரஷருக்கான டெல்மிசார்ட்டான் பொட்டாசியத்தை ஏற்றலாம் என்பதால் அதைக் குறைத்து, பொட்டாசியத்தை இறக்க கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் பொடி கொடுத்தார்கள்.

பொட்டாசியம் 5.2-க்கு இறங்கியது. ஆனால் நாலு நாள் மலம் போகவில்லை. டம்ளர் அடியில் மணல்போலத் தங்கியதை அவர் விரலால் வழித்து விழுங்கும்போது பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இந்த வகைப் பொடி அபூர்வமாகக் குடலையே பாதிக்கும் என்பதால் பயந்து டாக்டரிடம் ஓடினேன். அதை நிறுத்திவிட்டு, பொட்டாசியத்தை இறக்கும் இன்னொரு மருந்தான சோடியம் ஜிர்கோனியம் சைக்ளோசிலிகேட்டுக்கு மாறலாம் என்கிறார். அது ஒரு மணி நேரத்திலேயே வேலை செய்யத் தொடங்குமாம். ஆனால் அதில் சோடியம் இருப்பதால் கால் வீங்கலாம். அப்பாவுக்கு ஏற்கெனவே சாயங்காலமானால் செருப்பு இறுகும். விலையும் அதிகம்.

உங்கள் வீட்டில் யாராவது இதை மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள். வீக்கம் வந்ததா? பொட்டாசியம் அடங்கியதா? மற்ற மாத்திரைகளுக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அவரிடம் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டேன்.