ஆண்டு இலக்குகளைச் சரிபார்த்தபோது கண்டது: உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

தொடங்கியவர்: கோயம்புத்தூர், பவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) தரக்கட்டுப்பாட்டுப் பணி

டைரியின் கடைசிப் பக்கத்தில் இடப்புறம் தொழில், வலப்புறம் சொந்தம் என்று பிரித்து ஆண்டு இலக்குகளை எழுதி வைத்து, டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அவற்றைச் சரிபார்ப்பது பத்து ஆண்டுகளாக என் வழக்கம். இம்முறை இரண்டு பக்கங்களுமே எனக்குத் தெரியாத செய்தி ஒன்றைச் சொன்னதால் இங்கே எழுதுகிறேன்.

வார்ப்புகளில் கழிவாகும் அளவை நூற்றுக்கு ஏழிலிருந்து நான்காகக் குறைக்க வேண்டும் என்று இடப்புறம் எழுதியிருந்தேன். ஆண்டுச் சராசரி 5.2 சதவீதத்தில் நின்றுவிட்டது. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், மார்ச்சிலும் ஏப்ரலிலும் நான்குக்குக் கீழே இறங்கியிருந்த கழிவு ஜூன், ஜூலையில் ஏழரைக்கு ஏறியிருந்தது தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலில், வார்ப்பு அச்சு செய்யும் மணலின் ஈரம் கூடிவிடுகிறது. உருகிய உலோகத்தை ஊற்றும்போது எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள்ளேயே சிக்கித் துளைகளாக நின்றுவிடுகிறது. ஷிப்டுக்கு ஒரு முறை பார்த்த ஈரப்பதத்தை அந்த மாதங்களில் மணிக்கொரு முறை பார்த்திருக்க வேண்டும். இதை ஆகஸ்டிலேயே உட்கார்ந்து பார்த்திருந்தால், அக்டோபர் மழையில் அதே தவறை இரண்டாம் முறை செய்திருக்க மாட்டேன். பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்குப் பார்ப்பவனுக்குப் பிழை தெரியும்போது அதைத் திருத்துவதற்கான காலம் கடந்துவிடுகிறது.

வலப்புறத்தில் இருபத்து நான்கு புத்தகங்கள் படிப்பது என்ற இலக்கு நிறைவேறியிருந்தது. அவற்றுள் ஒன்பது, எண்ணிக்கைக்காக நவம்பருக்குப் பிறகு தேடி எடுத்த மெல்லிய நூல்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தது, 240 நாள்கள் காலை நடை, நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள். (பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன அளவு என்றே நெடுநாள் நம்பியிருந்தேன், 1965ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதாம் அந்த எண்.) 243 நாள்கள் நடந்திருந்தேன். பெருமையோடு அதைத் துணைவியாரிடம் காட்டினேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "அந்த வரிக்கு நேரா என் பேரையும் எழுதிக்குங்க. நீங்க நடந்த நாளெல்லாம் பால் வாங்கினது, டிபன் கட்டினது, பிள்ளைகள வேன் ஏத்துனது யாருங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலுவலகத்தில் ஒரு இலக்கு நிறைவேறினால் அதில் உழைத்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும் தவறாமல் அறிக்கையில் சேர்ப்பவன் நான்.

இரண்டாமவர்: திருச்சிராப்பள்ளி, அரசுப் பள்ளி ஆசிரியை

நான் டிசம்பர் வரை காத்திருப்பதில்லை. பள்ளியின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு விடுமுறைகளில் என் தேர்வையும் திருத்திக்கொள்வேன். மே மாதத் துறைத் தேர்வை எழுத எண்ணியிருந்தேன். ஏப்ரலில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், நோட்டில் 'டிசம்பருக்கு மாற்றம்' என்று தேதியுடன் குறித்துவிட்டுப் பாடநூலை மூடி வைத்தேன். அப்படிக் குறித்ததால் அந்த ஆறு மாதங்களும் மனம் உறுத்தவில்லை.

என் அனுபவத்தில் கண்ணைத் திறந்தது வீட்டுக் கடன்தான். இருபத்தைந்து லட்சம் ரூபாய், எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டுகள். மாதத் தவணை 21,696 ரூபாய். 'தவணை தவறாமல் கட்டுவது' என்பதே என் இலக்காக இருந்தது, பன்னிரண்டையும் தவறாமல் கட்டினேன். ஆண்டு முடிவில் வங்கி தந்த விவர அறிக்கையைப் பார்த்தால், கட்டிய இரண்டு லட்சத்து அறுபதாயிரத்தில் அசலில் கழிந்தது ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. இலக்கு நூற்றுக்கு நூறு நிறைவேறியிருந்தது. கடன் அப்படியே உட்கார்ந்திருந்தது. சேர்த்து வைத்திருந்த ஐம்பதாயிரத்தைத் தவணையை மாற்றாமல் அசலில் கட்டினேன். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்டியதற்கு அபராதம் எதுவும் இல்லை. கடைசியில் கட்ட வேண்டிய தவணைகளில் ஏறக்குறைய பதினொன்று ஒரே நாளில் குறைந்தன. அதன்பின் 'தவணை கட்டுவது' என்ற வரியை அடித்துவிட்டு, 'அசல் எவ்வளவு குறைய வேண்டும்' என்று எழுதத் தொடங்கினேன்.

மூன்றாமவர்: விருதுநகர், பலசரக்கு மொத்த வியாபாரம்

எங்கள் கடையில் இன்றும் சித்திரை முதல் நாள்தான் புதுக்கணக்கு. கணினியில் கணக்கு வைத்திருந்தாலும், மஞ்சள் தடவிய பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டு 'லாபம்' என்று எழுதிய பிறகே கல்லாவைத் திறப்போம். பழைய பேரேட்டில் வசூலாகாமல் நிற்கும் பாக்கிகளைப் புதியதற்கு எடுத்து எழுதுவதும் அன்றைக்குத்தான். தேறாது என்று முடிவானதை வராக்கடன் என்று தள்ளிவிடுவோம்.

சொந்த இலக்குகளையும் அதே நாளில் ஒரு சின்ன நோட்டில் எழுதுவேன். மிருதங்கம் கற்பது என்ற வரியை ஐந்து ஆண்டுகளாக நோட்டிலிருந்து நோட்டுக்கு எடுத்து எழுதி வந்து, சென்ற சித்திரையில் அதை வராக்கடனில் தள்ள முடிவு செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் விளையாட்டாகச் சொன்னேன். கடை விஷயத்தில் எந்தப் பாக்கியைத் தள்ளுவதாக இருந்தாலும் அவர் கேட்கும் கேள்வியை இதற்கும் கேட்டார்: "வசூலுக்கு எத்தனை தடவை ஆள் அனுப்புன?" ஐந்து ஆண்டுகளில் ஒரு வித்துவான் வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை. ஆள் அனுப்பாத பாக்கியை வராக்கடன் என்று எழுத அவர் விடமாட்டார். அந்த வரி இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆசிரியரின் தெருப் பெயரைக் குறித்திருக்கிறேன். போனேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

தொடங்கியவர், மீண்டும்

ஆசிரியையின் பதிவைப் படித்தபின் என் பக்கத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். 'நடந்த நாள்கள்' என்பதும் தவணையை எண்ணுவது போன்றதுதான், நடையால் பலன் கிடைத்ததா என்று அறிய, இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை நான் ஆண்டு முழுவதும் ஒரு முறைகூடச் செய்துகொள்ளவில்லை.

இந்த ஆண்டுப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது, அது துணைவியாரின் கையெழுத்தில் இருக்கிறது. வாரத்தில் மூன்று காலைகள் அவருடைய நடைக்கு, நான்கு என்னுடையதற்கு. மார்ச் முடிய அவர் 35 நாள்கள், நான் 41. 240 என்பது இனி நடக்காத காரியம். அவர் நடக்கும் நாள்களில் டிபன் என் பொறுப்பு. வேன் ஏழு நாற்பதுக்கு வந்துவிடும், தோசை சமாளிக்கிறேன், இடியாப்பம் இன்னும் கைவரவில்லை.