திரை இருண்டு அனுமதி கேட்கும் பெட்டியை நிறுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பக்கவடிவமைப்பாளர்

வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். அந்தப் பெட்டியைக் காட்டும் விண்டோஸ் காவலான யூஏசியை நான் நிறுத்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, தமிழ். விண்டோஸ் 7-இல் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரை அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது கணினியின் முழு உரிமையோடு திறந்தால்தான் ஒழுங்காக ஓடியது. அப்படித் திறந்தாலோ தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஊமையாகிவிடும். காலை ஏழு மணிக்கு அச்சகம் போக வேண்டிய திருமண அழைப்பிதழ். இரவு பதினொன்றரைக்கு 'நிகழும் மங்களகரமான' என்று அடிக்கிறேன், ஆங்கில எழுத்தாக விழுகிறது. பெட்டி எப்போது வரவேண்டும் என்று வைக்கும் யூஏசி ஸ்லைடரை அடிவரை இழுத்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். தமிழ் விழுந்தது. பிறகு ஸ்லைடரை மேலே ஏற்றவே இல்லை.

அடுத்த ஆண்டு ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். உள்ளே ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. அந்த வைரஸை உங்களுக்கே தெரியும். அவசரத்தில் ஒன்றைச் சொடுக்கிவிட்டேன். ஒரு கறுப்புச் சன்னல் கண் இமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. எதுவும் கேட்கவில்லை. அந்தக் கறுப்புச் சன்னல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அன்று மாலை முதல் ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை. அதற்குப் பின் வந்த எத்தனை பேருடைய பென் டிரைவில் என் கணினி அதை ஏற்றி அனுப்பியதோ! பெட்டியை விட்டுவைத்திருந்தால் தப்பியிருப்பேனா?

பழுதுபார்ப்பவன்

பாதி தப்பியிருப்பீர்கள், அண்ணா. ஷார்ட்கட் வைரஸ் யாரிடமும் அனுமதி கேட்காது. உங்கள் கணக்குக்குரிய ஃபோல்டரில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் உள்நுழையும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ளும். அதற்கு உங்கள் உரிமையே போதும். ஆகவே பென் டிரைவ்களுக்குப் பரவியதற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஆன்டிவைரஸ் தளங்கள் திறக்காதது வேறு சங்கதி. எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினி முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெரும்பாலும் கைவைத்திருக்கும். அது விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-க்குள் இருப்பது, அங்கே எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். யூஏசி இருந்திருந்தால் ஒரு கேள்வி வந்திருக்கும், இல்லையேல் எழுத முடியாமல் நின்றிருக்கும்.

என் கதை சிறியது. விண்டோஸ் 8-இல் ஸ்லைடரைக் கீழே இழுத்தாலும் பெட்டி மட்டும்தான் வராது, யூஏசி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுதாக நிறுத்தச் சொன்ன ஒரு வாடிக்கையாளருக்காக விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் அதற்குரிய எண்ணைப் பூஜ்யமாக்கினேன். மறுநாள் அவர் மனைவி பேரன் படத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறார். ஸ்டோர் செயலி ஒன்றுகூடத் திறக்கவில்லை. 'படமெல்லாம் போய்விட்டதா தம்பி' என்று அந்த அம்மா அழுத குரலைக் கேட்ட பிறகு நான் ரெஜிஸ்ட்ரி பக்கமே போவதில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. தாழ்ந்த உரிமையில் ஓடும் மென்பொருள், உயர்ந்த உரிமையில் ஓடும் சன்னலுக்குப் போகும் விசைகளைக் கேட்க முடியாது. உங்கள் தமிழ் ஊமையானது அதனால்தான். கடவுச்சொல் திருடும் மென்பொருளையும் அதே சுவர்தான் தடுக்கிறது. அதை இடிக்காமலே தமிழ் அடிக்கலாம். விசைப்பலகை மென்பொருளின் ஷார்ட்கட்டை வலச்சொடுக்கி, ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும்படி குறியிடுங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். ஸ்லைடரை மேலிருந்து இரண்டாவது நிலையில் வையுங்கள். மூன்றாவது வேண்டாம், அதில் பெட்டி வரும், ஆனால் திரை இருளாது. திரை இருண்டிருக்கும்போதுதான் வேறெந்த நிரலும் உங்களுக்குப் பதிலாக யெஸ் அழுத்த முடியாது.

அஞ்சல்காரர் மகள்

அப்பா அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர். ஒருநாள் திரை முழுக்க வைரஸ் எச்சரிக்கையும் சைரன் ஒலியும் வர, அதிலிருந்த எண்ணுக்கு அவரே பேசியிருக்கிறார். அரை மணி நேரத்தில் அவர் கணினியின் சுட்டியை எவனோ ஒருவன் நகர்த்திக்கொண்டிருந்தான். அவன் இரண்டாவதாக எதையோ இறக்கி நிறுவப் போனபோது திரை இருண்டது. அவன் பக்கம் படம் நின்றுபோயிருக்க வேண்டும். 'யெஸ் அழுத்துங்கள், யெஸ் அழுத்துங்கள்' என்று அவசரப்படுத்தினானாம்.

அப்பா படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மஞ்சள் பட்டை, அதன்கீழே பதிப்பாளர் இடத்தில் 'அன்நோன்'. 'அனுப்புநர் பெயர் இல்லையே தம்பி' என்றிருக்கிறார். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்பா இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 'அந்தப் பெட்டி தொல்லையாக இருந்தால் நிறுத்தித் தருகிறேன் அப்பா' என்று சொல்லியிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மறந்துவிட்டேன். நினைவு வந்திருந்தால் அவருடைய ஓய்வூதியக் கணக்கு என்னவாகியிருக்கும் என்று இன்றும் இரவில் விழித்துக்கொள்கிறேன்.

ஒன்பது நாள்

சகோதரி, உங்கள் அப்பா செய்தது மிகச் சரி. ஆனால் மஞ்சள் பட்டை இல்லையென்றால் பயமில்லை என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016-இல் 'இன்வாய்ஸ்' என்று மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பைத் திறந்தேன். கோப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நிரலான மேக்ரோவை அனுமதிக்கச் சொன்னது, அனுமதித்தேன். சில நிமிடங்களில் திரை இருண்டது. கேட்டது விண்டோஸின் சொந்த நிரல், பதிப்பாளர் மைக்ரோசாப்ட் விண்டோஸ். ஷேடோ காப்பி என்று ஏதோ எழுதியிருந்தது. நான் எதையும் நிறுவவில்லையே என்று நோ கொடுத்தேன். மறுபடி வந்தது. மறுபடி நோ.

அதற்குள் மகளின் படங்கள் இருந்த ஃபோல்டரில் கோப்புப் பெயர்கள் என் கண்முன்னே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. என் சொந்தக் கோப்புகளைப் பூட்ட அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் 7 எடுத்துவைத்திருந்த பழைய பிரதிகளை அழிக்கத்தான் வேண்டியிருந்தது. அந்த இரண்டு நோவால் அவை மிஞ்சின. வைரஸை நீக்கிவிட்டு, ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் வழியாக ஒன்பது நாள் முந்தைய நிலையை மீட்டேன். அந்த ஒன்பது நாளில் எடுத்தவை போனது போனதுதான். மகள் முதன்முதலாக நடந்தது அதில்தான் இருந்தது.

பெட்டி எல்லாவற்றையும் தடுக்கும் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பிணைய ஓட்டை வழியாகப் பரவியது, யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி, நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

பக்கவடிவமைப்பாளர்

பழுதுபார்ப்பவர் தம்பி, நேற்றிரவு நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெட்டி காலையில் இரண்டு முறை வருகிறது, விசைப்பலகைக்கு ஒன்று, பேஜ்மேக்கருக்கு ஒன்று. தமிழ் விழுகிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோலவே கீழே நீளமாக வரிகள் இருந்தன. அந்த ஆண்டின் ரசீதுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, வாடிக்கையாளர்களின் எண்களும் அதில் உண்டு. முதல் பக்கத்திலிருந்து கூப்பிடத் தொடங்கியிருக்கிறேன்.