தொஸ்க் (கொட், cod) மீனில் பழுப்புப் புழு: கடல்நாயிடமிருந்து வந்ததா?

ஒஸ்லோ_புதுசு:
நேற்று வாங்கிய தொஸ்க் மீனை வெட்டும்போது சதைக்குள் ஒரு பழுப்புப் புழு. இழுத்தால் அரை விரல் நீளம் வந்தது. பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் "கடல்நாய் வயிற்றுப் புழு" என்று சிரிக்கிறார். மனைவி முழு மீனையும் குப்பையில் போட்டுவிட்டாள். உண்மைதானா?

பின்மார்க்_அக்கா:
ஐயோ தம்பி, மீனை ஏன் எறிந்தீர்கள்! நான் 1986இலிருந்து வடக்கே மீன் வெட்டியவள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் சதைத் துண்டை விரித்தால் புழு நிழலாய்த் தெரியும். கத்தி நுனியால் கிண்டி எடுப்போம். கடல்நாய்கள் படுக்கும் பாறைகளுக்குக் கிட்டப் பிடித்த மீன் வந்தால் அன்றைக்கு வேகம் பாதி, போனஸும் போச்சு.

பழுப்பானது கடல்நாயின் இரைப்பையில் வளர்ந்து முட்டையிடுவது. முட்டை எச்சத்தோடு கடலடிக்குப் போய்ப் பொரிக்கும். அதைக் கூனியைவிடச் சின்ன உயிர்கள் தின்னும், அவற்றைச் சிறுமீன், சிறுமீனைத் தொஸ்க். பிறகு கடல்நாய் வந்து தின்னும்வரை சதைக்குள் கிடக்கும். ஈரலிலும் வயிற்றுப்பக்கச் சதையிலும் வெள்ளையாய்ச் சுருண்டிருப்பது திமிங்கலங்களுடையது. இங்குள்ளவர்களுக்கு இரண்டும் 'க்வைஸ்'தான்.

1987இல் ஹார்ப் என்ற இனக் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து வலைகளில் சிக்கிச் செத்தன. புழுவுக்கும் அவற்றைத்தான் திட்டினோம். பாவம்! இதை அதிகம் சுமப்பவை கரையோரமே கிடக்கும் சாம்பல் கடல்நாயும் புள்ளிக் கடல்நாயும்.

புழுவை எடுத்துவிட்டுக் குழம்பு வையுங்கள். நடுச்சதை 60 பாகை சூடேறினால் செத்துவிடும். பச்சையாகத் தின்பதென்றால் மட்டும் முதலில் மைனஸ் 20இல் ஒரு முழுநாளாவது உறைந்திருக்க வேண்டும். வீட்டுப் பிரீசரை நம்பாமல் நான் ஒரு வாரம் விடுவேன்.

பால்டிக்_பக்கம்:
அக்கா சொன்னது இரைப்பைப் புழு. குடலில் இருப்பது வேறு சாதி. சுவீடனில் படித்தபோது, செத்து ஒதுங்கிய சாம்பல் கடல்நாய் ஒன்றின் குடலைத் திறந்து காட்டினார்கள். உட்சுவரில் நெல்மணியைவிடச் சின்னதாய் வெளிர்மஞ்சள் புழுக்கள், எண்ண முடியாத அளவுக்கு. இடுக்கியால் இழுத்தாலும் வராது. முள்தலையைச் சுவருக்குள் குத்தி வைத்திருக்கும். பெயர் கோரினோசோமா. வாய், குடல் எதுவும் கிடையாது, தோலாலேயே உறிஞ்சும். பெரும்பாலான கடல்நாய்கள் இதைச் சுமந்துகொண்டே கொழுத்துத் திரியும். ஆனால் பால்டிக் கடலில் பெருங்குடலில் புண்ணாகி, ஓட்டை விழுந்து செத்தவையும் உண்டு.

ஒஸ்லோ_புதுசு:
இதை மனைவிக்கு வாசித்துக் காட்ட மாட்டேன். மீன் போனது போனதுதான். அக்கா, மேசைக்குப் பதிலாகக் கைபேசி வெளிச்சம் போதுமா?

பின்மார்க்_அக்கா:
போதும். சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.