மறு: ‘ஷார்ட் செல்லிங்’ – குறுவிற்பனை வேண்டாம் என்றால் வேறென்ன?

வணக்கம்.

பிரிட்டன் 1992 செப்டம்பர் 16 அன்று ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து விலகியது பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. கையில் இல்லாததைக் கடன் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பித் தரும் ‘ஷார்ட் செல்லிங்’குக்கு நேராக அதில் இருப்பது ‘குறுவிற்பனை’. இது சரிவராது. குறு என்றால் நமக்குச் சிறியது: குறுநிலம், குறுந்தொழில், குறுங்கடன். முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸின் குவாண்டம் நிதியம் அப்போது விற்றதோ ஏறத்தாழ 1,000 கோடி டாலர் மதிப்புள்ள பவுண்டு. குறுவிற்பனை என்று படிப்பவர் சில்லறை வியாபாரம் என்று நினைத்துக்கொள்வார். ஆங்கிலச் சொல் சுட்டுவது கையில் சரக்கு இல்லாததை, அளவை அல்ல.

சொல்லைத் தேடுமுன் செயலைப் பார்த்துவிடலாம். அந்த ஏற்பாட்டின்படி பவுண்டுக்கு மைய விலை 2.95 ஜெர்மன் மார்க். மேலும் கீழும் ஏறத்தாழ 6 சதவீதம் நகரலாம், கீழ்வரம்பு 2.778. அதைத் தொட்டால், எவ்வளவு பவுண்டு வந்தாலும் பிரிட்டனின் மைய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து வாங்கியாக வேண்டும். விற்பவர் 10 கோடி பவுண்டைக் கடன் வாங்கி 2.78க்கு விற்கிறார்; 27.8 கோடி மார்க் கிடைக்கிறது. அதை ஜெர்மனியில் வட்டிக்குப் போடுகிறார். பவுண்டு 2.50க்கு இறங்கியதும் 25 கோடி மார்க்கைக் கொடுத்து 10 கோடி பவுண்டை வாங்கிக் கடனை அடைக்கிறார். வட்டிக் கணக்கை விட்டுவிட்டால் மிச்சம் 2.8 கோடி மார்க். இதில் எந்தப் படியிலும் ‘குறு’ என்று எதுவும் இல்லை.

———

> விற்பவர் 10 கோடி பவுண்டைக் கடன் வாங்கி

அப்படியானால் ‘கடன் விற்பனை’ என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. கணக்குப்பதிவியல் பாடநூல்களில் கடன் விற்பனை என்றால் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளும் விற்பனை. ரொக்க விற்பனைக்கு எதிர்ச்சொல். பத்தாம் வகுப்பு தாண்டி வணிகவியல் எடுத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். ‘முன்விற்பனை’யும் ஆகாது, பின்னொரு நாளில் தருவதாக இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேரத்தோடு குழம்பும்.

என் பரிந்துரை ‘இரவல் விற்பனை’. இரவல் நகையை விற்றுவிட்டான் என்று கேட்டாலே வயிறு கலங்குகிறதல்லவா, அந்த ஆபத்து இந்த வணிகத்தில் உண்மையிலேயே உண்டு. பங்கை இப்படி விற்றால், விலை ஏற ஏற நட்டமும் ஏறும். அதற்கு மேல்வரம்பே கிடையாது. 1992இல் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம், அங்கே அந்த ஆபத்து சிறிதாக இருந்ததுதான். கீழ்வரம்பில் ஒட்டிக்கொண்டிருந்த பவுண்டு ஏறினால் சற்றே ஏறும். இறங்கினால் பத்து சதவீதம் போகும்.

———

இரவலில் ஓர் இடறல் இருக்கிறது. இரவல் வாங்கியதையே திருப்பித் தர வேண்டும்: அதே புத்தகம், அதே சங்கிலி. பவுண்டில் அப்படியல்ல, அதே அளவு தந்தால் போதும். பக்கத்து வீட்டில் அரைப்படி அரிசி வாங்கினால் அதே அரிசியையா திருப்புகிறோம்? இதற்கென்றே பழைய சொல் ஒன்று உண்டு: குறியெதிர்ப்பை.

‘வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம்
குறியெதிர்ப்பை நீர துடைத்து’ (குறள் 221)

அளவு குறித்து வாங்கி, வாங்கியபடியே எதிர் கொடுப்பது என்பது பரிமேலழகர் தரும் பொருள். விலை என்ன ஆனாலும் அளவு மாறாது. லாபமும் நட்டமும் பிறப்பது அங்கேதானே? ‘குறியெதிர்ப்பை விற்பனை’ என்று வைத்தால் என்ன?

———

> ‘குறியெதிர்ப்பை விற்பனை’ என்று வைத்தால் என்ன?

பொருத்தம் சரிதான் ஐயா. ஆனால் செய்தித் தலைப்பில் போட்டுப் பாருங்கள்; பவுண்டை யாரோ எதிர்க்கிறார்கள் என்றுதான் படிப்பார்கள். வினையாக்கினாலும் உடைகிறது. ‘பவுண்டை இரவல் விற்றார்கள்’ தடையில்லாமல் ஓடுகிறது. குறியெதிர்ப்பை விளக்கக் குறிப்பில் இருக்கட்டும்.

கட்டுரைக்கு ஒரு திருத்தம். பெரிய நிதியங்கள் நேராகப் போய்ப் பவுண்டைக் கடன் கேட்பது குறைவு. இத்தனை மாதம் கழித்துத் தருகிறேன் என்று முன்பேரத்தில் விற்றுவிடும். எதிரே நிற்கும் வங்கி அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளாது. அன்றைக்கே உடனடிச் சந்தையில் பவுண்டை விற்கும். இரண்டு வேலைநாளில் ஒப்படைக்க வேண்டுமே, அதற்குப் பவுண்டைக் கடன் எடுக்கும். இரவல் வாங்கும் ஆள்தான் மாறுகிறார். ஆகவே சொல் நிற்கும்.

1992 செப்டம்பர் 16 அன்று பிரிட்டனில் வட்டியை ஏன் உயர்த்தினார்கள் என்பதும் இந்தச் சொல்லால் விளங்கும். வட்டி என்பது இரவலுக்கு வாடகை. காலை 11 மணிக்கு 10லிருந்து 12 சதவீதம், பிற்பகல் 2.15க்கு, மறுநாள் முதல் 15 என்று அறிவிப்பு. ஆண்டுக்கு 15 என்றால் நாளுக்கு 0.04 சதவீதம், 10 கோடிக்கு ஏறத்தாழ 41,000 பவுண்டு. பத்து சதவீதம் விழும் என்று காத்திருப்பவருக்கு இது டீச் செலவு. ஸ்வீடன் அதே நாளில் வங்கிகளுக்கான ஓரிரவு வட்டியை 500 சதவீதத்துக்குத் தூக்கியது. நாளுக்கு 1.37 சதவீதம், ஒரு வாரம் தாங்கினாலே எதிர்பார்த்த லாபம் கரைந்துவிடும். ஸ்வீடன் நாணயமான குரோனா அந்த அலையைத் தாண்டியது; அதன் நிலைவிலை நவம்பர் 19இல்தான் கைவிடப்பட்டது. பிரிட்டனுக்கு அது எளிதல்ல: அங்கே அப்போது வீட்டுக்கடன் பெரும்பாலும் மாறும் வட்டி. ஏற்றினால் குடும்பங்களின் மாதத் தவணையில் போய் இடிக்கும். மாலையில் நிதியமைச்சர் நார்மன் லாமன்ட் விலகலை அறிவித்தார். 15 சதவீதம் நடைமுறைக்கு வரவேயில்லை.

———

இரவல் விற்பனைக்கு இசைவு. விற்றதைத் திரும்ப வாங்கிக் கடனை அடைக்கும் கடைசிப் படியான ‘ஷார்ட் கவரிங்’குக்கும் பெயர் வேண்டும். ‘மீள்வாங்கல்’ என்றால், நிறுவனம் தன் பங்கையே திரும்ப வாங்குவதோடு கலந்துவிடும். அடகு நகையைத் திருப்புவது என்போமே, அதையொட்டி ‘இரவல் திருப்பல்’. ‘இரவல் திருப்ப எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடியதால் விலை எகிறியது’ என்ற வாக்கியம் விளக்கம் இல்லாமலே புரிகிறது. இரவலும் வாங்காமல் விற்பதற்கு ‘வெற்று விற்பனை’ போதும்.

ஒரே எச்சரிக்கை: செய்பவரை ‘இரவல் விற்பனையாளர்’ என்று முழுதாக எழுதுங்கள். இடமில்லை என்று ‘இரவலர்’ ஆக்கிவிட்டால், சோரோஸ் யாழும் கையுமாகப் பரிசில் கேட்டு வந்து நிற்பார்.