மதுரையில் கடன் அலுவலர் சம்பளம்: இங்கேயே இருப்பதா, சென்னைக்குப் போவதா?

ஆனையூர் வாசி:
சிறுகடன் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாகக் கடன் அலுவலராக இருக்கிறேன். கிளை சமயநல்லூரில் உள்ளது. நான் கடன் வசூலிக்கும் பெண்கள் குழுக்கள் வாடிப்பட்டியிலிருந்து சோழவந்தான் வரை சிதறிக் கிடக்கின்றன. பிடித்தம் போகச் சென்ற மாதம் கைக்கு வந்தது 24,500 ரூபாய். அதில் 3,500 வசூல் தவறினால் கிடைக்காத ஊக்கத்தொகை; அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. 1,500 பெட்ரோல் படி. ஆனால் பெட்ரோலுக்கு நான் போட்டதோ 4,000. வாடகை 8,500, மகளின் பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 3,000. மீதி 9,000 ரூபாயில் அரிசி, பால், கேஸ், கரண்ட் பில், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் முடிய வேண்டும். சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைச் சற்றே தாண்டியதால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் எங்களுக்கு இல்லை. சென்னையில் வேறொரு நிறுவனம் இதே வேலைக்குக் கையில் 34,000 தருவதாகச் சொல்கிறது. போகலாமா?

ஓய்வுபெற்ற மேலாளர், கே.கே. நகர்:
தம்பி, போக வேண்டாம் என்றே சொல்வேன். மத்திய அரசு தன் ஊழியர்களின் வீட்டு வாடகைப் படிக்காகச் சென்னையை எக்ஸ் பிரிவிலும் மதுரையை ஒய் பிரிவிலும் வைத்து, 2024 ஜனவரியிலிருந்து அங்கே அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடும் இங்கே 20 விழுக்காடும் தருகிறது. அரசே ஒப்புக்கொண்ட வேறுபாடு இது. உங்களுக்குக் கூடுதலாக வரும் 9,500 ரூபாயில் பாதிக்கு மேல் வாடகையிலேயே போய்விடும். முன்பணம் வேறு இருக்கிறது; வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், பத்து மாத வாடகை கேட்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஊக்கத்தொகையைக் குறையாகப் பேசுவதையும் நான் ஏற்கவில்லை. வெயிலில் அலைந்து வசூலிப்பவருக்கும் கிளையை விட்டு வெளியே வராதவருக்கும் ஒரே சம்பளம் என்றால் யார் அலைவார்கள்? முப்பது, நாற்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு வாராவாரம் நேரில் போக வேண்டிய தொழில் இது. ஆட்செலவு ஏறினால் அது வட்டியாகி, கடன் வாங்கிய பெண்களின் தலையில்தான் விடியும்.

மேலூரான், இப்போது அம்பத்தூரில்:
ஐயா சொல்லும் வாடகைக் கணக்கு சரிதான். நான் 14,000 கொடுக்கிறேன். ஆனால் மேலூரில் இருந்தபோது ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓட்டினேன். இங்கே என் குழுக்கள் எல்லாம் நாலு தெருவுக்குள் இருப்பதால் இருபத்தைந்தைத் தாண்டுவதில்லை. பெட்ரோலும் டயரும் முதுகுவலியும் குறைந்தன. ஊரில் இருந்தால் அரிசி வீட்டிலிருந்து வரும், அவசரத்துக்கு அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள் என்பதும் உண்மை; அந்த இழப்பை எந்தச் சம்பளமும் ஈடுகட்டவில்லை.

செல்லூர்த் தறி வீட்டுப் பெண்:
நான் கடன் வாங்கிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஊக்கத்தொகை உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு என்று மேலாளர் ஐயா எழுதியிருக்கிறார். நூல் வராமல் தறி நின்ற ஒரு வாரம், எங்கள் குழுவில் ஒரு அக்காவால் 600 ரூபாய் கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்த தம்பி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த தேநீர் ஆடை படிந்து ஆறிப்போனது, அவர் தொடவில்லை. ஒரு பாக்கி நின்றாலும் அந்த மாத ஊக்கத்தொகை முழுவதும் போய்விடும் என்று மெல்லச் சொன்னார். கடைசியில் தன் சட்டைப்பையிலிருந்தே மூன்று இருநூறு ரூபாய்த் தாள்களை எடுத்து வைத்து, அக்காவின் அட்டையில் வரவு எழுதினார். அடுத்த வாரம் அந்தப் பணத்தை அவர் கேட்டபோது அக்கா அழுதார். அவருக்கும் முகம் கறுத்துவிட்டது. தறி நின்றது யாருடைய உழைப்புக் குறைவு?

ஆனையூர் வாசி:
சகோதரி, நானும் அப்படிப் பணம் போட்டிருக்கிறேன். விதிப்படி தவறு என்று தெரிந்தேதான் போட்டேன்.

மேலாளர் ஐயாவுக்கு என் பதில் இது. பொதுத்துறை வங்கியில் முதல்நிலை அதிகாரியின் தொடக்க அடிப்படை ஊதியம், 2022 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி 48,480 ரூபாய். அது மதுரையிலும் சென்னையிலும் ஒன்றே, பஞ்சப்படியும் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறுகிறது. அந்தத் தொகையை நாங்கள் கேட்கவில்லை. சம்பளம் சம்பளமாகவும் பயணச் செலவு பயணச் செலவாகவும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம். நிறுவனத்தின் வேலைக்காக எரியும் பெட்ரோலில் 2,500 ரூபாயை நான் சுமக்கும்போது, என் உண்மையான வருமானம் 24,500 அல்ல.

வட்டி ஏறும் என்கிறீர்கள். 2022இல் ரிசர்வ் வங்கி சிறுகடனில் நிறுவனங்கள் வைக்கும் லாபத்துக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, இயக்குநர் குழு ஏற்ற கொள்கைப்படி வட்டியை நிறுவனங்களே முடிவு செய்ய விட்டது. வீடு தேடிப் போகும் செலவைக் காட்டித்தான் அந்த வட்டி நியாயப்படுத்தப்படுகிறது. அதே செலவை என் பையிலிருந்தும் எடுப்பது எப்படிச் சரியாகும்? காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை செய்யக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஊக்கத்தொகை முழுவதும் ஒரே பாக்கியில் தொங்கும்போது மாலை ஆறு மணியானதும் வசூலை விட்டு எழுந்து வர மனம் வருவதில்லை.

ஓய்வுபெற்ற மேலாளர், கே.கே. நகர்:
பயணச் செலவு பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்; அது நிறுவனத்தின் கடமை. ஊக்கத்தொகை வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. ஒரு பாக்கிக்காக முழுவதையும் வெட்டாமல் வசூலின் அளவுக்கேற்பக் கொடுக்கலாம். சென்னை விஷயத்தில் ஒன்று: அந்த 34,000க்குள் ஊக்கத்தொகை எவ்வளவு என்று கேட்டீர்களா?

ஆனையூர் வாசி:
இன்று தொலைபேசியில் கேட்டேன், ஐயா. நிலையான சம்பளம் 26,000. மீதி எட்டாயிரமும் வசூலைப் பொறுத்தது, பெட்ரோலும் அதற்குள்ளேயே அடக்கம் என்றார்கள். அம்பத்தூர் வாடகையைக் கழித்தால் நிலையாக நிற்பது 12,000. இங்கே ஊக்கத்தொகையும் பெட்ரோல் படியும் நீங்கலான 19,500இல் வாடகை போனால் 11,000. இந்த ஆயிரம் ரூபாய்க்காக அம்மாவையும் மகளையும் இடம் மாற்ற மாட்டேன். நாளை முதல் வண்டியின் கிலோமீட்டரைத் தினமும் குறித்துவைத்து, மாத முடிவில் பயணப் படிக்கான கடிதத்தோடு கிளை மேலாளரிடம் கொடுக்கப் போகிறேன். எங்கள் கிளையில் இன்னும் ஐந்து பேர் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்கள்.